சொல்லின் எல்லை: குறியேறிய எழுத்தும் கணனித் தேடலும்

விழா மலர் வெளியிட முனைவோர்க்கு முதற்கண் வேண்டுவது பெயர்ப் பட்டியல். கல்லூரியிற் பயின்று சென்றோர் யாவர், எவ்வாண்டிற் புகுந்தனர், எவ்வாண்டில் நீங்கினர் என்பனவற்றைப் பழைய சேர்வு இடாப்புகளிலிருந்து பெயர்த்தெழுதுவது பொறுமையை வேண்டி நிற்கும் பணி. முன்னாளில் இதனைக் கையாற் செய்தனர். இந்நாளில் கணனி துணை நிற்கின்றது. துணை நின்ற கணனி எம்மை ஒருகால் எவ்வாறு வழுவச் செய்தது என்பதையும், அவ்வழு எங்கிருந்து வந்தது என்பதையும், அதனை நீக்கும் வழி யாது என்பதையும் விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இடாப்பிலுள்ள பெயர்களைக் கணனியில் ஏற்றிய பின்னர், 'கந்தையா' என்னும் பெயருடையோர் அனைவரையும் ஒருங்கே காண யாம் விரும்பினோம். பிற பெயர்களின் உறுப்பாக வருவதை விடுத்து, தனிச் சொல்லாக நிற்கும் 'கந்தையா' என்பதை மாத்திரம் தேடுமாறு கணனியைப் பணித்தோம். அது 'கந்தையாபிள்ளை' என்னும் பெயரைக் கொணர்ந்து நீட்டிற்று. கந்தையாக்களுள் ஒருவரையேனும் காட்டிற்றில்லை. இடாப்பைக் கண்கொண்டு நோக்கினாலோ பக்கத்துக்குப் பக்கம் கந்தையாக்கள்! கேட்டதை மறைத்துக் கேளாததைக் கொடுத்த இவ்விந்தையைக் கண்டு முதலில் நகைத்தோம், பின்னர் அஞ்சினோம். கையெழுத்து இடாப்பு எம்மிடம் இல்லாதிருந்தால், கணனியின் சொல்லை நம்பி, நம் கல்லூரியிற் கந்தையா என ஒருவரும் பயின்றிலர் என்றன்றோ அச்சேற்றியிருப்போம்! 

ஒழுங்குக் கோவை

கணனியில் உரையைத் தேடுதற்கு இன்று பெருவழக்காயுள்ள கருவிக்கு ஆங்கிலத்தில் 'ரெகுலர் எக்ஸ்பிரஷன்' என்று பெயர். கணிதத்தில் நாம் பயிலும் 'கோவை' என்னும் சொல்லைக் கொண்டு அதனை 'ஒழுங்குக் கோவை' என இங்கு வழங்குவோம். ஸ்ரீபன் கிளேனி என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் 1951 ஆம் ஆண்டில், நரம்பு வலைகளின் இயக்கத்தைக் கணித முறையால் ஆராயுங்கால் இக்கருத்தை வகுத்தார். அவ்வாய்வு 1956 இல் நூலுள் வெளிவந்தது. உரையினுட் சொற்களைத் தேடுதற்கு அதனைப் பயன்படுத்தும் முறையொன்றைக் கென் தொம்சன் என்பார் 1968 இல் வெளியிட்டார். நரம்பை ஆராயப் பிறந்த கணிதம் நூலை ஆராயும் கருவியாயிற்று.

ஒழுங்குக் கோவையானது, தேடப்படும் பொருளின் வடிவத்தைக் கூறும் ஒரு சூத்திரம். 19[0-9][0-9] என்று எழுதினால், முதலில் 19, அதன்பின் 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்களுள் ஏதேனும் ஒன்று, மீண்டும் அவ்வாறே ஒன்று என்பது பொருள். ஆகவே 1900 தொடக்கம் 1999 வரையுள்ள ஆண்டுகள் யாவும் இவ்வொரு சூத்திரத்துள் அடங்கும். ஆனால் ஓர் இடர் உண்டு. 219483 என்னும் இலக்கத்தின் நடுவேயுள்ள 1948 உம் இச்சூத்திரத்துக்குப் பொருந்திவிடும். ஆதலால், 'இதற்கு முன்னும் பின்னும் சொல்லின் எல்லை இருத்தல் வேண்டும்' என்று கூறுதற்கு ஒரு குறி தேவையாயிற்று. பின்சாய்கோடொன்றை இட்டு, அதனையடுத்து ஆங்கில நெடுங்கணக்கின் இரண்டாம் எழுத்தைச் சிறிய வடிவில் எழுதுவதே அக்குறி. இதனை எல்லைக்குறி என்போம்.

எல்லையைக் கணனி எவ்வாறு அறிகின்றது? அது சொல்லின் பொருளை அறியாது, அகராதியையும் புரட்டாது. எழுத்துகளை இரு வகுப்பாகப் பிரித்து வைத்துள்ளது: சொல்லுக்கு உறுப்பாவன ஒன்று, ஆகாதன மற்றொன்று. ஒருபுறம் உறுப்பாவதும் மறுபுறம் உறுப்பாகாததும் நிற்கும் இடமே அதற்கு எல்லை. இரண்டும் உறுப்பானவையாயினும், இரண்டும் உறுப்பாகாதவையாயினும், அங்கே எல்லை இல்லை. இவ்விதியை வாசகர் மனத்திற் கொள்வாராக. பின்வரும் குழப்பம் முழுவதும் இதனுள் அடங்கும்.

இனி, சொல்லுக்கு உறுப்பாவன யாவை? 1963 இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட 'ஆஸ்கி' என்னும் குறியீட்டில் 128 இடங்களே இருந்தன. அதனை அடியாகக் கொண்டு, ஆங்கிலப் பேரெழுத்து 26, சிற்றெழுத்து 26, இலக்கம் 10, அடிக்கோடு 1, ஆக 63 மாத்திரமே சொல்லெழுத்து என வரையறுத்தனர். ஆங்கிலம் எழுதுவோர்க்கு இது பெரும்பாலும் போதியதாயிருந்தது. ஏனையோர்க்கோ?

பிரெஞ்சு மொழியில் நேர்ந்த குழப்பம்

பிரெஞ்சு மொழியில் எழுத்துகளின் மேலும் கீழும் குறிகள் ஏறி வரும். அவை ஐவகைப்படும். அவை வெறும் அணியல்ல, பொருளையே வேறுபடுத்துவன. எனினும் மேற்கூறிய 63 எழுத்துள் அவற்றுக்கு இடமில்லை. கோப்பிக் கடையைக் குறிக்கும் 'கஃபே' என்னும் பிரெஞ்சுச் சொல்லை நோக்குக. அதில் நான்கெழுத்து உண்டு. ஈற்றிலுள்ள 'ஈ' என்னும் எழுத்தின்மேல் வலப்புறம் உயர்ந்த சாய்குறி ஒன்று நிற்கும். 63 எழுத்தையே அறிந்த கணனிக்கு அக்குறியேறிய எழுத்து, எழுத்தே அன்று. காற்புள்ளி, அரைப்புள்ளி போன்றதொரு நிறுத்தக்குறியாகும்.

இச்சொல்லின் இருபுறமும் எல்லைக்குறி இட்டுத் தேடினால் நிகழ்வது யாது? சொல்லின் ஈற்றில் குறியேறிய எழுத்து, அதற்கப்பால் வெற்றிடம். கணனியின் கணக்கில் இரண்டும் உறுப்பாகாதவை. ஆகவே அங்கே எல்லை இல்லை, சொல் அகப்படவில்லை. ஆனால் அதன் பன்மை வடிவத்தில் ஈற்றில் 'எஸ்' சேர்கின்றது. அப்பொழுது குறியேறிய எழுத்து உறுப்பாகாதது, 'எஸ்' உறுப்பானது. இடையே எல்லை தோன்றிவிடுகின்றது! ஒருமையைத் தேடியவனுக்கு ஒருமை மறைந்து பன்மை கிடைக்கின்றது. எமக்குக் கந்தையா மறைந்து கந்தையாபிள்ளை கிடைத்ததும் இவ்வாறே என்பதை வாசகர் இப்பொழுதே உய்த்துணர்ந்திருப்பர்.

மறுதலையான வழுவும் உண்டு. பிரெஞ்சில் ஆண்டைக் குறிக்கும் சொல் 'ஏ, என்' என்னும் இரண்டெழுத்தாலானது. சமுத்திரத்தைக் குறிக்கும் சொல்லோ 'ஓ, சீ, குறியேறிய ஈ, ஏ, என்' என்னும் ஐந்தெழுத்தாலானது. குறியேறிய எழுத்தை நிறுத்தக்குறியாகக் கொள்ளும் கணனி, சமுத்திரத்தை அவ்விடத்தில் இரு துண்டாக்கி, பின்துண்டைத் தனிச் சொல்லெனக் கருதும். ஆண்டைத் தேடியவன் கடலிற் போய் விழுவான்.

ஒரே எழுத்து, இரு வடிவம்

இக்குறை நீங்கும் காலம் வந்தது. உலக எழுத்துகள் யாவற்றுக்கும் தனித்தனி எண் வழங்கும் 'யுனிக்கோட்' என்னும் பொதுக்குறியீட்டின் முதற் பதிப்பு 1991 இல் வெளிவந்தது. அதில் மேற்கூறிய குறியேறிய 'ஈ' எழுத்துக்கு 233 என்னும் எண் உண்டு. அஃது எழுத்து வகுப்பைச் சார்ந்தது என்னும் விவரமும் உண்டு. கணனி மொழிகள் பலவும் நாளடைவில் இவ்வகுப்புகளை ஏற்று, 63 எழுத்து என்னும் வேலியைத் தாண்டின.

ஆனால் யுனிக்கோட்டில் அதே எழுத்தை வேறொரு வகையாலும் எழுதலாம். குறியற்ற 'ஈ' எழுத்தை 101 என்னும் எண்ணால் எழுதி, அதன்பின் மேற்குறியை மாத்திரம் 769 என்னும் எண்ணால் எழுதுவது அவ்வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணனிக்கோ ஒன்று ஓரெண், மற்றையது ஈரெண். இரண்டாம் வகையில், 769 என்பது எழுத்தன்று. 'சார்ந்து வரும் குறி' என்னும் வேறு வகுப்பு. எழுத்தை மாத்திரம் சொல்லுறுப்பாகக் கொண்டு குறியைக் கொள்ளாத கருவியில், நீங்கிய குழப்பம் மீண்டும் புகுந்துவிடும்.

பிரெஞ்சுக்காரர்க்கு இதற்கு எளிய மருந்து உண்டு. தேடுமுன்னரே உரையையும் சூத்திரத்தையும் கூட்டு வடிவுக்கு மாற்றிவிட்டால், ஈரெண் யாவும் ஓரெண்ணாகிவிடும். இதற்கு இயல்வடிவாக்கம் என்று பெயர் கூறலாம். அவர்களுடைய குறியேறிய எழுத்துகளுக்கெல்லாம் தனியெண் இருத்தலின் இம்மருந்து பலிக்கின்றது.

தமிழின் நிலை

நம் மொழிக்கு வருவோம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 எழுத்து என்று இளமையிற் பயின்றோம். யுனிக்கோட்டிலோ தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்களே ஒதுக்கப்பட்டுள்ளன. இந்திய மொழிகளுக்கென 1988 இல் வகுக்கப்பட்ட குறியீட்டைத் தழுவி அமைந்தமையால், உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் அங்கே தனியெண் இல்லை. 'க' என்பதற்கு 2965 என்னும் எண், புள்ளிக்கு 3021. 'க்' என்று எழுதக் கருதினால் 'க' என எழுதி அதன்பின் புள்ளியை எழுதல் வேண்டும். 'கி', 'கு', 'கை' முதலியனவும் அவ்வாறே 'க' என்பதனோடு ஒரு குறி சேர்ந்தே அமையும்.

எனவே ஒரு விளைவு உண்டாகின்றது. க, ச, த என்பன எழுத்து வகுப்பு. அ, ஆ என்பனவும் எழுத்து வகுப்பு. ஆனால் கால், கொம்பு, சுழி, புள்ளி ஆகியன யாவும் 'சார்ந்து வரும் குறி' என்னும் வகுப்பு. பிரெஞ்சின் 769 எவ்வகுப்போ அவ்வகுப்பைச் சார்ந்தனவே இவையும். பிரெஞ்சுக்காரர் கூட்டு வடிவுக்கு மாற்றித் தப்பினர். நமக்கோ மாறிப் புகுதற்குக் கூட்டு வடிவமே இல்லை. ஆகையால், குறியை ஏற்காத கருவியெல்லாம் தமிழைத் துண்டாடும்.

பைத்தன் என்னும் மொழியுடன் வழங்கப்படும் ஒழுங்குக் கோவை நூலகம் இதற்குச் சான்று. அது தமிழ் எழுத்தைச் சொல்லுறுப்பாக ஏற்கும், குறியை ஏற்காது. 'தமிழ்' என்னும் சொல்லைக் கொடுத்து, 'இதிலுள்ள சொற்களைப் பிரித்துத் தருக' என்றால், 'தம' என ஒன்றும் 'ழ' என ஒன்றுமாக இரண்டைத் தரும். 'கல்' என்பதைத் தனிச் சொல்லாகத் தேடினால், வாயிலிற் கிடக்கும் கல்லைக் காட்டாது. 'கல்வி' என்பதைக் காட்டும். புள்ளி உறுப்பாகாதது, அதனையடுத்த 'வ' உறுப்பானது, ஆதலின் இடையே எல்லை உண்டு என்பது அதன் நியாயம். 'கல' என்று தேடினாலோ கல், கலி, கலை யாவற்றினுள்ளும் அதனைக் கண்டதாகக் கூறும்.

எமது கந்தையாவின் கதை இப்பொழுது விளங்கும். அப்பெயர் காலில் முடிகின்றது. கால் ஒரு குறி, அதன்பின் வெற்றிடம். இரண்டும் உறுப்பாகாதவை, எல்லை இல்லை. 'கந்தையாபிள்ளை' என்பதிலோ காலையடுத்துப் 'ப' வருகின்றது, எல்லை உண்டு. கந்தையா மாத்திரமன்று, கந்தசாமி, செல்லத்துரை, இராசரத்தினம், சிவகுமார் யாவரும் இவ்வாறே மறைவர். குறியும் புள்ளியும் இன்றி வெறும் அகரமேறிய எழுத்தில் முடியும் பெயர் நம்மவருள் மிக அரிதன்றோ! யாவாஸ்கிரிப்ட் என்னும் மொழியில் நிலை இன்னும் கடினம். அங்கே எல்லைக்குறி இன்றும் பழைய 63 எழுத்தையே பெரும்பாலும் சார்ந்து நிற்பதால், தமிழெழுத்து ஒன்றேனும் அதன் கண்ணுக்கு எழுத்தாகத் தோன்றாது.

நீக்கும் வழி

முதலாவது, உரை எவ்வடிவில் உளது என்பதை அறிதல் வேண்டும். இலங்கையிற் பல்லாண்டு வழங்கிய பாமினி என்னும் எழுத்துருவில் தட்டெழுதிய பழைய கோப்புகளில் இருப்பது உண்மையில் தமிழன்று. ஆங்கில எழுத்துகளே தமிழ் வேடம் பூண்டு நிற்கின்றன. அவற்றிற் புள்ளியாகத் தோன்றுவது அரைப்புள்ளியே. அத்தகைய கோப்புகளை முதலில் யுனிக்கோட்டுக்கு மாற்றுக.

இரண்டாவது, இயல்வடிவாக்கம் செய்க. தமிழுக்கு இஃது எல்லைக் குழப்பத்தை நீக்காதெனினும் வேறொரு குழப்பத்தை நீக்கும். 'கொ' என்பதன் குறியை 3018 என ஓரெண்ணாலும் எழுதலாம். 3014, 3006 எனக் கொம்பும் காலுமாகப் பிரித்தும் எழுதலாம். ஒன்றைத் தேடினால் மற்றையது அகப்படாது. இயல்வடிவாக்கம் இவ்விரண்டையும் ஒன்றாக்கும். ஆனால் 'ஔ' என்பதற்குப் பதிலாக 'ஒ' என எழுதிப் பக்கத்தே 'ள' என்னும் எழுத்தை இட்டவரின் பிழையை அது திருத்தாது; அதனைத் திருத்துவோர் நாமே.

மூன்றாவது, எல்லைக்குறியைக் கைவிட்டு, எல்லையை நாமே வகுத்தல் வேண்டும். ஒழுங்குக் கோவையில் 'இதற்குமுன் இன்னது நில்லாதிருக்க' என்பதற்கும், 'இதற்குப்பின் இன்னது நில்லாதிருக்க' என்பதற்கும் வாய்பாடுகள் உண்டு. அவற்றைக் கொண்டு இவ்வாறு எழுதலாம்:

(?<![ஃ-௺])கந்தையா(?![ஃ-௺])

இதனைப் பகுத்து நோக்குவோம். [ஃ-௺] என்னும் சதுர அடைப்பு, ஆய்தம் முதலாக, யுனிக்கோட்டின் தமிழ்ப் பகுதியில் ஈற்றில் நிற்கும் ௺ என்னும் அடையாளம் ஈறாக, இடையேயுள்ள உயிர், மெய், குறி, புள்ளி யாவற்றையும் உள்ளடக்கும். முன்னேயுள்ள (?<! ) என்பது 'இவற்றுள் எதுவும் முன்னே நிற்றலாகாது' எனவும், பின்னேயுள்ள (?! ) என்பது 'எதுவும் பின்னே நிற்றலாகாது' எனவும் விதிக்கின்றன. இப்பொழுது கந்தையாபிள்ளை விலகுவார், சின்னக்கந்தையா விலகுவார், கந்தையா மாத்திரம் வருவார். 'வே.கந்தையா' என முதலெழுத்தோடு நின்றாலும், இடையேயுள்ள புள்ளி ஆங்கில முற்றுப்புள்ளியாதலின், அவரும் தவறாது வருவார். யாம் இவ்வாறு திருத்தித் தேடியபோது, இடாப்பிற் கண்ட கந்தையாக்கள் அனைவரும் திரையில் வந்து நின்றனர்.

பிரெஞ்சு முதலிய மொழிகளுக்கும், பல மொழி கலந்த உரைக்கும், சதுர அடைப்பினுள் எழுத்துகளின் வகுப்புப் பெயரையே இடுதல் நன்று. பின்சாய்கோடு, ஆங்கில நெடுங்கணக்கின் பதினாறாம் எழுத்து, அதனையடுத்து நெளியடைப்பு என அமைத்து, அந்நெளியடைப்பினுட் பன்னிரண்டாம் எழுத்தை இட்டால் எழுத்து வகுப்பும், பதின்மூன்றாவதை இட்டால் குறி வகுப்பும், பதினான்காவதை இட்டால் எண் வகுப்பும் கிடைக்கும். மூன்றையும் சேர்த்தே இடுக. குறி வகுப்பை மறந்தவர் பழைய குழியிலேயே வீழ்வர். யாவாஸ்கிரிப்டில் இவ்வகுப்புப் பெயர்களும் 'முன்னே நில்லாதிருக்க' என்னும் வாய்பாடும் 2018 ஆம் ஆண்டுப் பதிப்பில் இடம்பெற்றன. பைத்தனுடன் வரும் நூலகம் வகுப்புப் பெயர்களை ஏற்காது. ஆயினும் அவற்றை ஏற்கும் 'ரீஜெக்ஸ்' என்னும் வேறொரு நூலகத்தை அதனோடு சேர்த்துக்கொள்ளலாம். பேர்ள் மொழியோ, உரை யுனிக்கோட்டாக ஏற்றப்பட்டிருப்பின், குறிகளையும் சொல்லுறுப்பாகவே கொள்கின்றது.

யுனிக்கோட் அமைப்பின் பதினெட்டாம் தொழில்நுட்ப நியமமும், குறிகளைச் சொல்லுறுப்பாகக் கொள்ளுமாறே கூறுகின்றது. அது கண்ணுக்குப் புலனாகாத இணைப்புக் குறிகளையும் அவற்றோடு சேர்க்கின்றது. சிங்களத்தில் நம் நாட்டின் பெயரை எழுதுங்கால், முதற்கண் வரும் 'ஸ்ரீ' என்பதனுள் அத்தகைய காணாக்குறி ஒன்று மறைந்து நிற்கின்றது. அதனை உறுப்பாகக் கொள்ளாத கருவி நாட்டின் பெயரையே இரண்டாக வெட்டும்.

சொல்லும் சொல்லுருவும்

இவ்வளவும் செய்த பின்னரும் ஒன்று எஞ்சி நிற்கும். கந்தையாவின், கந்தையாவுக்கு, கந்தையாவும் என்னும் வடிவங்களை மேற்காட்டிய சூத்திரம் காட்டாது. வேற்றுமை உருபும் உடம்படுமெய்யும் ஏறிய சொல், எழுத்தளவில் வேறு சொல்லே. பெயர்ப் பட்டியலுக்கு இஃது இடையூறன்று. கட்டுரைகளினுட் பெயரைத் தேடுவோர்க்கு இடையூறாகும். அவர்கள் பின்னெல்லையைத் தளர்த்தித் தேடி, வருவனவற்றைத் தம் கண்ணாற் பார்த்துத் தெரிந்துகொள்ளுதல் வேண்டும். எழுத்தின் எல்லையைக் காட்டுவது மாத்திரமே ஒழுங்குக் கோவையின் தொழில். சொல்லிலக்கணம் அதன் வரம்புக்கு அப்பாற்பட்டது.

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் கூறுகின்றது. நமக்குப் புள்ளி எழுத்தின் இயல்பு. கணனிக்கோ அஃது அயலிலிருந்து வந்து ஒட்டிய துணுக்கு. வேறோர் மொழியின் 63 எழுத்தை மனத்திற் கொண்டு வகுக்கப்பட்ட விதியொன்று, அம்மொழிக்குரியது என்று எவரும் கூறாமலே நம் மேசைக்கு வந்து சேர்ந்தது. யாமும் வினவாமலே அதனை ஏற்றோம். ஆகவே குற்றம் எம்முடையதே. கருவியைக் குறைகூறுமுன், 'எழுத்து என்று நீ எதனைக் கொள்கின்றாய்?' என்று அதனிடம் முதலிற் கேட்டிருத்தல் வேண்டும்.

இன்று கல்லூரியில் நிரலெழுதப் பயிலும் மாணவர்க்கு யாம் கூற விழைவது இதுவே. நீங்கள் எழுதும் தேடற்கருவி எதுவாயினும், அதனை வெளியிடுமுன் மூன்று சொற்களால் அதனைச் சோதியுங்கள். புள்ளியில் முடியும் பெயர் ஒன்று, காலில் முடியும் பெயர் ஒன்று, கொம்பும் காலும் கொண்ட பெயர் ஒன்று: இராசரத்தினம், கந்தையா, கோபால் என்பன போதும். இம்மூவரும் தத்தம் இடத்தில் தவறாது அகப்பட்டால், அதன்பின் உங்கள் கருவியை நம்பலாம். அகப்படாவிடின், அக்கருவி உரைக்கும் 'இல்லை' என்னும் விடையை ஒருபோதும் நம்பற்க. இடாப்பிற் பெயர் பொறிக்கப்பட்ட ஒருவர், பட்டியலிற் காணப்படவில்லை என்பதனால் இக்கல்லூரியிற் பயிலாதவர் ஆகிவிடார். அவரைத் தேடிக் கண்டு மலரில் அவர்க்குரிய வரியில் இருத்துவது, அவர்க்குப்பின் அதே வாங்குகளில் இருந்து பயின்ற நம் கடன்.